ஹக்காக்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஓர் இடப்பெயர்வு வரலாற்றின் ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தல்

1920இல் ஷாங்காயின் பெரிய பதிப்பகம் ஒன்று ஆங்கிலத்தில் உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை வெளியிட்டது. அதில் குவாங்தோங் மாகாணம் பற்றிய பகுதியில், மலைகளில் ஹக்கா போன்ற காட்டுக்குடிகளும் பின்தங்கியவர்களும் பலர் இருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. தென் சீனாவில் தமக்கென ஒரு சீன மொழி பேசும் மக்களான ஹக்காக்களை அந்த வரி கொதிக்க வைத்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன, குவாங்சோ நகரில் மாநாடு கூடியது, பதிப்பகம் இறங்கிவர வேண்டியதாயிற்று. 1921இல் ஹாங்காங்கில் ஹக்காக்களின் பொதுச் சங்கமான சொங்ஜெங் சங்கம் பிறந்ததும் இந்தக் கொதிப்பில்தான். அதன் முதல் தலைவர் லாய் ஜிஷி பேரரசுக் காலத் தேர்வுகளில் உச்சிக்குப் போன அறிஞர், ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் சீன இலக்கியம் கற்பித்தவர். அவரையும் சேர்த்துத்தான் அந்தப் பாடநூல் காட்டுக்குடி என்றது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1930இல், குவாங்தோங் மாகாண அரசுத் துறையின் வார இதழ் ஒன்றே ஹக்காக்களை நாகரிகமற்றவர்கள் என்று எழுதியது. மறுபடியும் போராட்டம் நடந்தது. 1933இல் லுவோ ஷியாங்லின் என்ற இளம் வரலாற்றாளர் ஹக்கா ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்த நூலை வெளியிட்டார். அவர் 1906இல் குவாங்தோங்கின் ஷிங்நிங் மாவட்டத்தில் ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர், பெய்ஜிங்கின் ட்சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஹக்காக்கள் மஞ்சள் ஆற்றுச் சமவெளியின் தூய ஹான் (சீனாவின் பெரும்பான்மை இனம்) குடியினர் என்றும், ஐந்து பெரும் அலைகளாகத் தெற்கே வந்தவர்கள் என்றும் அவர் நிறுவ முயன்றார். இன்று உலகில் எந்த ஹக்கா சங்கத்துக்குப் போனாலும் சுவரில் அந்த ஐந்து அலைகளின் வரைபடம் இருக்கும்.

அந்த வரைபடம் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூதாதையர் சிலர் வடக்கிலிருந்து வந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஹக்கா என்ற மக்கள் வடக்கிலிருந்து வரவில்லை. ஃபூஜியான், ஜியாங்ஷி, குவாங்தோங் ஆகிய மூன்று மாகாணங்கள் சந்திக்கும் மலைகளில் அவர்கள் உருவானார்கள். அந்த மலையை விட்டு இறங்கிய பிறகு, அண்டை வீட்டாரோடு மோதிய மோதலில் ஹக்கா என்று ஆனார்கள். ஐந்து அலைக் கதை அந்த மோதலில் எழுதப்பட்ட எதிர்வாதம். எதிர்வாதம் என்பதால் அதை மதிக்கிறேன், அதே காரணத்தால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை.

ஐந்து அலைகள் சொல்வது

லுவோவின் கணக்கு இப்படிப் போகிறது. 311இல் லுவோயாங் நகரம் வீழ்ந்து மேற்கு ஜின் அரசு சிதைந்தபோது வடநாட்டவர் யாங்சி ஆற்றைக் கடந்தது முதல் அலை. தாங் பேரரசின் கடைசிக் காலத்தில், 875 முதல் 884 வரை நடந்த ஹுவாங் சாவோ கிளர்ச்சிக்கு அஞ்சி ஜியாங்ஷி, ஃபூஜியான் மலைகளுக்குள் புகுந்தது இரண்டாவது. 1127இல் கைஃபெங் ஜுர்சென்களிடம் விழுந்ததும், 1279இல் மங்கோலியர்களிடம் சோங் வம்சம் முடிந்ததும் மூன்றாவது அலையைத் தள்ளின. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குவாங்தோங் கடற்கரை, சிச்சுவான், தைவான் என்று பரவியது நான்காவது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்களால் ஹைனான் தீவுக்கும் கடல் கடந்தும் சிதறியது ஐந்தாவது.

நான்காவது, ஐந்தாவது அலைகளுக்கு அரசாணைகள், வரிப் பதிவேடுகள், நேரில் கண்டவர்களின் எழுத்து எல்லாம் இருக்கின்றன. முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் குடும்பங்களின் வம்சாவளி ஏடுகளே ஆதாரம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன் அந்த ஐந்தாவது அலையைப் பார்த்துவிட வேண்டும். லுவோ ஏன் எழுதினார் என்பதற்கான விடை அதில் இருக்கிறது.

1855 முதல் 1867 வரை

குவாங்தோங்கின் தென்மேற்கில் ஷின்னிங் (இன்றைய தைஷான்), கைபிங், என்பிங், ஹெஷான் முதலிய மாவட்டங்கள். வயலும் ஆறும் உள்ள சமவெளி உள்ளூர்க் காண்டோனீஸ்காரர்களிடம் இருந்தது. மேட்டு நிலத்திலும் மலையடியிலும் குத்தகைக்கு உழுதவர்கள் ஹக்காக்கள். இவர்கள் அங்கே வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் ஊர்ச்சந்தையில், நீர்ப் பங்கில், எல்லாவற்றுக்கும் மேலாக அரசுத் தேர்வில் அவர்கள் வந்தேறிகளாகவே எண்ணப்பட்டார்கள். தேர்வில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இவ்வளவு இடம் என்று ஒதுக்கீடு உண்டு. வந்தவன் பிள்ளை தேறினால் உள்ளூரான் பிள்ளைக்கு ஓர் இடம் குறையும். அதனால் ஹக்கா மாணவர்களைப் பதிவேட்டில் சேர்க்கவே கூடாது என்று வழக்குகள் நடந்தன. சில மாவட்டங்களில் அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு கொடுத்து அதிகாரிகள் பிரச்சினையை ஒத்திப்போட்டார்கள். பூர்வீகம் எது என்ற கேள்வி அங்கே ஒரு பையனின் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

1854இல் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க் காண்டோனீஸ்காரர்கள். அரசின் படை போதவில்லை. அதிகாரிகள் ஹக்காக்களை ஊர்க்காவல் படையாகத் திரட்டிக் கிளர்ச்சியை அடக்கினார்கள். ஆயுதம் கைக்கு வந்ததும் பழைய கணக்குகள் திறந்தன. கிளர்ச்சிக்காரரைத் தேடுகிறோம் என்று உள்ளூர்க் கிராமங்களை ஹக்காக்கள் கொளுத்தினார்கள். உள்ளூரார் திரண்டு ஹக்கா கிராமங்களைத் துடைத்தெடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இது ஓயவில்லை. செத்தவர்கள் பல லட்சம் என்றே மதிப்பீடுகள் சொல்கின்றன. இரு தரப்பிலும் பிடிபட்டவர்கள் மக்காவ் துறைமுகத்தில் விற்கப்பட்டு, கியூபா கரும்புத் தோட்டங்களுக்கும் பெருவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

1867இல் அரசு கண்ட தீர்வு பிரித்துவைப்பது. ஷின்னிங்கின் கடலோர மூலை ஒன்றை வெட்டியெடுத்து, சிஷி என்ற பெயரில் ஹக்காக்களுக்கென்று ஒரு தனி நிர்வாகப் பகுதி அமைக்கப்பட்டது. மிஞ்சியவர்களுக்குச் சிறிது பணம் கொடுத்து குவாங்ஷி, லெய்சோ, ஹைனான் பக்கம் அனுப்பினார்கள். 1920இல் சிஷிக்கு வட்டார வரலாறு தொகுத்தவர் அதே லாய் ஜிஷி. பாடநூல் விவகாரம் வெடித்தபோது அவர் மேசையில் இந்தப் போரின் விவரங்கள் விரிந்து கிடந்திருக்கும். அந்த ஒரு வரி ஏன் அவ்வளவு சுட்டது என்று இதிலிருந்து புரியும்.

இந்தப் போர்க்காலத்தில் காண்டோனீஸ் தரப்பு எழுத்துகளில் ஹக்கா என்பதைக் குறிக்கும் எழுத்தோடு விலங்கைக் குறிக்கும் பக்கக் குறியைச் சேர்த்து எழுதினார்கள். நாய், ஓநாய் போன்ற சொற்களில் வரும் குறி அது. மனிதர் அல்லர் என்று ஓர் எழுத்துக்கோட்டில் சொல்லிவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பள்ளிப் பாடநூல் ஒன்று ஹக்காக்கள் ஹான் இனமே அல்லர் என்று எழுதியதும் இந்தப் பகையின் தொடர்ச்சிதான்.

ஆக, லுவோ தன் நூலை எழுதும்போது அவருக்கு முன்னால் இருந்தது வெறும் கல்விக் கேள்வி அல்ல. இந்த நாட்டில் எங்களுக்கு இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு அவர் பதில் எழுதினார். அவருக்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷு ஷுசெங் என்ற ஹக்கா ஆசிரியர் ஹுய்சோவில் தன் மாணவர்களிடம் இதையே சொல்லியிருக்கிறார்: நாம் சோங் அரசோடு தெற்கே வந்த நல்ல குடும்பங்களின் வழியினர். அந்த உரைக்கும் அருகில் நடந்த உள்ளூரார்–ஹக்கா கைகலப்பே காரணம். மிஷனரிகளும் இதற்கு வலுச் சேர்த்தார்கள். பாஸல் மிஷனின் ரூடால்ஃப் லெஹ்லரும் தியோடர் ஹாம்பெர்கும் 1847இல் ஹாங்காங் வந்து ஹக்காக்களிடையே வேலை செய்தவர்கள். 1912இல் ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற மிஷனரி ஹக்கா இடப்பெயர்வு பற்றித் தனியாகவே எழுதினார். லுவோ இவற்றையெல்லாம் வாசித்துச் சேர்த்தார்.

வம்சாவளி ஏட்டின் முதல் சில தாள்கள்

ஹக்கா வம்சாவளி ஏடு ஒன்றைத் திறந்தால் முதல் தாளில் வடநாடு இருக்கும். சென் குலம் என்றால் ஹெனானின் யிங்சுவான், லீ குலம் என்றால் வடமேற்கின் லோங்ஷி, ஹுவாங் குலம் என்றால் ஜியாங்ஷியா. ஒரு படைத்தலைவர், ஓர் ஆளுநர், ஓர் அரசவை அறிஞர் என்று தொடங்கி, போர், ஓட்டம், யாங்சி, பிறகு ஃபூஜியானின் நிங்ஹுவா மாவட்டத்தில் ஷிபி என்ற சிற்றூர். குவாங்தோங் ஹக்காக்களில் மிகப் பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் மூதாதை ஷிபியில் தங்கிப் பிறகு ஹக்கா தாயகமான மெய்சோ பக்கம் இறங்கினார் என்றே எழுதிவைத்திருக்கின்றன. மலைகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளத்தாக்கு அது. அத்தனை பேரையும் அது தாங்கியிருக்காது.

இங்கே நிறுத்தி அக்கம்பக்கத்து ஏடுகளையும் புரட்ட வேண்டும். காண்டோனீஸ்காரர்களின் ஏடுகள் வடக்கில் தொடங்கி, நான்ஷியோங்கின் சுஜி வீதி என்ற ஓரிடம் வழியாக இறங்குகின்றன. தென் ஃபூஜியான்காரர்களின் ஏடுகள் ஹெனானின் குஷி மாவட்டத்தைச் சொல்கின்றன. வட சீனர்களுக்குக்கூட ஷான்ஷியின் ஹோங்தோங்கில் ஒரு பெரிய மரத்தடி இருக்கிறது. எல்லோரும் அங்கிருந்தே கிளம்பினார்களாம். யிங்சுவான், லோங்ஷி என்ற அதே பெயர்ப்பலகைகள் காண்டோனீஸ் வீட்டு வாசலிலும் தென் ஃபூஜியான்காரர் வீட்டு வாசலிலும் தொங்குகின்றன. மிங் காலத்திலிருந்து வம்சாவளி ஏடு எழுதுவது பரவியபோது, மதிப்புள்ள குடும்பம் என்றால் வடக்கில் தொடங்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் பொதுவான தொடக்கம் ஒருவரை மட்டும் தனித்துக் காட்டாது. ஐந்து அலைக் கதையின் பெரிய ஓட்டை இது.

அதே ஏடுகளில் இன்னும் சில தாள் தள்ளிப் போனால் வேறொன்று கிடைக்கிறது. ஃபூஜியான் மலைகளுக்கு வந்து சேர்ந்த தலைமுறைகளில் மூதாதையரின் பெயர்கள் மாறுகின்றன. அதுவரை இலக்கியச் சாயல் உள்ள பெயர்கள். அங்கிருந்து ஒரு சில தலைமுறைக்கு எண்ணும் அதன் முடிவில் ‘லாங்’ என்ற சொல்லும் மட்டும்: ஆயிரத்து ஐந்தாம் லாங், இருபத்து மூன்றாம் லாங் என்பது போல. பிறகு மறுபடியும் வழக்கமான பெயர்கள். இந்த எண்–லாங் பெயர்கள் அதே மலைகளில் வாழும் ஹான் அல்லாத ஷே மக்களிடமும், மேற்கே அவர்களைப் போன்ற யாவோ மக்களிடமும் இருப்பவை. தாவோயச் சடங்கில் தீட்சை பெற்ற ஆணுக்கு வழங்கும் சடங்குப் பெயர் அது. ஷே மக்கள் அதை அண்மைக் காலம் வரை வைத்திருந்தார்கள்.

எனக்கு இந்தத் தாள்கள்தான் இந்த விவகாரம் முழுவதிலும் முக்கியமானவை. முதல் தாளை எழுதியவர் பிற்காலத்துப் படித்த பேரன்; ஊர்ப்பெருமைக்காக வரலாற்று நூல்களிலிருந்து எடுத்து எழுதியிருக்கலாம். எண்–லாங் பெயரை எடுத்து ஒட்டுவதால் யாருக்கும் பெருமை இல்லை. குடும்பத்தின் நினைவில் உண்மையாகவே இருந்ததால் அதை எழுதியிருக்கிறார்கள். குடும்பம் நினைவு வைத்திருந்த மிகப் பழைய தாத்தா, மலையில் ஷே மக்களோடு ஒரே சடங்கில் உட்கார்ந்தவர்.

பதிவேடு, பேச்சு, வீடு

லுவோவின் இன்னொரு சான்று சோங் காலக் குடிக்கணக்கு. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த புவியியல் நூலில் மெய்சோவில் ‘உரியவர்’ குடும்பம் 1201, ‘விருந்தினர்’ குடும்பம் 367. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து வந்த கணக்கில் 5824, 6548. விருந்தினர் என்ற சொல்லும் ஹக்கா என்ற பெயரின் முதற்பாதியும் ஒன்றே. எண்ணிக்கை பதினேழு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. வந்தவர்கள் இவர்களே என்றார் லுவோ. ஆனால் சோங் வரித்துறைக்கு ‘விருந்தினர் குடும்பம்’ என்றால் சொந்த நிலமில்லாத குடும்பம் என்றே பொருள். பேரரசு முழுவதும் அந்தப் பிரிவு இருந்தது. மெய்சோவில் மக்கள்தொகை பெருகியது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. எங்கிருந்து வந்தார்கள் என்பதை அவை சொல்லவில்லை.

மொழிக்கு வருவோம். ஹக்கா மொழி பழைய வடநாட்டுச் சீனத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது பரவலான பெருமிதம். மூன்று என்பதற்கு ஹக்காவில் ‘சாம்’, மாண்டரினில் ‘சான்’; பழைய சீனத்தின் இறுதி மகரம் ஹக்காவில் நிற்கிறது. உண்மைதான். ஆனால் காண்டோனீஸிலும் அது ‘சாம்’. இறுதி ப், த், க் ஒலிகளையும் இவை இரண்டுமே வைத்திருக்கின்றன. பழையதைக் காத்தது ஒருவரின் தனிச் சொத்தாக இல்லை. ஹக்காவுக்கென்று உள்ள மாற்றங்களைப் பார்த்தால், பழைய சீனத்தின் அதிர்வொலி மெய்கள் எல்லா இடத்திலும் மூச்சொலியோடு கூடிய வல்லினமாக மாறியது முக்கியமானது. அதே மாற்றம் ஜியாங்ஷியின் கான் மொழியிலும் நடந்தது. 4ஆம் நூற்றாண்டில் ஹெனானிலிருந்து ஒரு மொழியைக் கட்டி எடுத்துவந்து அப்படியே வைத்திருந்தார்கள் என்றால் இந்தப் பங்காளித்தனம் வந்திருக்காது.

ஷே மக்களின் மொழி இன்னும் வலுவான சாட்சி. குவாங்தோங்கின் ஹுய்தோங், போலுவோ பக்கம் மிகச் சிலர் மட்டுமே மியாவ்–யாவோ குடும்பத்தைச் சேர்ந்த பழைய ஷே மொழியைப் பேசுகிறார்கள். மற்ற ஷே மக்கள் பேசுவது ஹக்காவுக்கு நெருக்கமான சீனம். கிழக்கு ஃபூஜியானிலும் செஜியாங்கிலும் வாழ்பவர்கள்கூட அதைத்தான் பேசுகிறார்கள். அங்கே சுற்றிலும் மின் மொழியும் வூ மொழியும்தான். ஹக்காக்கள் அண்டையில் இல்லை. மிங் காலத்தில் அந்தப் பக்கம் குடிபெயர்வதற்கு முன்பே, மூன்று மாகாணச் சந்திப்பு மலைகளில், அவர்கள் அந்த மொழியைப் பேசப் பழகியிருக்க வேண்டும். ஹக்கா மொழியின் முன்வடிவம் அங்கே அப்போது இரு மக்களின் பொதுப் பேச்சாக இருந்தது என்பதே நேரான விளக்கம். மரபணு ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகின்றன: தந்தைவழியில் ஹான் கூறு மேலோங்கியும் ஷே போன்ற தென்னாட்டுக் கூறு கலந்தும், தாய்வழியில் தென்னாட்டு மக்களோடு இன்னும் நெருங்கியும்.

வீடுகளைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். ஹக்கா என்றதும் எல்லோரும் காட்டுவது யோங்திங்கின் வட்ட மண்கோட்டை வீடுகளை. 1709இல் முடிந்த செங்சி இல்லம் நான்கு வட்டங்களாக, சுமார் நானூறு அறைகளோடு நிற்கிறது. கீழ்த்தளத்தில் சமையல், மேலே தானியம், அதற்கும் மேலே படுக்கையறைகள், கீழ் இரண்டு தளங்களில் வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 46 கட்டடங்களில் இதுவும் ஒன்று. அதே பட்டியலில் ஹுவா’ஆன் மாவட்டத்தின் எர்யி இல்லமும் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் தென் ஃபூஜியான் மொழி பேசுபவர்கள். மெய்சோ ஹக்காக்கள் கட்டியதோ வேறு வகை, பின்புறம் அரைவட்டமாக வளையும் வீடுகள். கொள்ளைப் பயம் இருந்த மலையில் யார் வாழ்ந்தாலும் இப்படிக் கட்டினார்கள். வீடும் வட்டாரத்தின் பிள்ளைதான்.

மலையில் யார் எப்படி ஒன்றானார்கள்

மலைவாசி வரி கட்டும் குடியானதற்கு ஓர் ஆவணப்பட்ட தருணம் 1517–18இல் கிடைக்கிறது. தத்துவ அறிஞராக அறியப்பட்ட வாங் யாங்மிங் அப்போது தெற்கு ஜியாங்ஷியின் ஆளுநர். மலைகளில் ஷே, யாவோ கொள்ளையர் என்று அரசு அழைத்த கூட்டங்களின் மேல் படையெடுத்து அவர்களை அடக்கினார். பிறகு ஃபூஜியானில் பிங்ஹே, ஜியாங்ஷியில் சோங்யி, குவாங்தோங்கில் ஹேபிங் என்று புதிய மாவட்டங்களை ஏற்படுத்தி, சரணடைந்தவர்களைக் குடிப்பதிவேட்டில் சேர்த்தார். அன்றைய பேச்சில் ஷே என்பது இனப்பெயர் மட்டுமல்ல. வரியும் ஊழியமும் இல்லாமல் மலையில் எரித்துச் சாகுபடி செய்பவர் ஷே. பதிவேட்டில் பெயர் ஏறியவுடன் அவர் அரசின் குடி, கொஞ்ச நாளில் அவருக்கும் ஒரு வம்சாவளி ஏடு. ஹேபிங் இன்று முழுக்க ஹக்கா மாவட்டம். அங்கிருந்த ஷே, யாவோ மக்களெல்லாம் மாயமாய்ப் போய்விட்டார்கள் என்பதை நான் நம்பத் தயாரில்லை. அவர்களில் பலர் ஹக்காக்களாக அங்கேயே இருக்கிறார்கள்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வரலாற்றாளர் லியோங் சோ-தெங் இதற்கு அடுத்த கட்டத்தைத் தெளிவாக்கினார். 16ஆம் நூற்றாண்டில் வெள்ளி வணிகத்தால் கடற்கரைச் சந்தைகள் செழித்தன. சுரங்கம், அவுரி, புகையிலை, மலை மரம் என்று வேலை கிடைக்க, மலைவாசிகள் விளிம்புகளுக்கு இறங்கினார்கள். சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் வந்தபின் சரிவு நிலத்திலும் வயிறு நிறைந்தது. தம் மலையில் இருந்தவரை இவர்களுக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. வேறு மொழி பேசுகிறவர்களின் எல்லையில் போய் நின்றபோதுதான் பெயர் வந்தது, அதுவும் எதிரில் நின்றவர் வாயிலிருந்து. மெய்சோவின் ஜியாயிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாங் ஷுவேஜியா 1990களில் இன்னும் ஒரு படி மேலே போய், அடித்தளமே தென்னாட்டுப் பூர்வகுடிகள், வடக்கிலிருந்து வந்தவர்கள் சிறுபான்மை என்றார். அவ்வளவு தூரம் போகச் சான்று போதாது என்பது என் கருத்து. ஆனால் ஹக்கா தாயகத்தின் நடுவிலிருந்தே அந்தக் குரல் எழுந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பெயரை நிலைநிறுத்திய நிகழ்ச்சி கடற்கரை வெளியேற்றம். சிங் அரசை எதிர்த்துத் தைவானுக்குப் போன படைத்தலைவர் கோஷிங்காவின் படைக்குக் கரையிலிருந்து சோறும் ஆளும் கிடைக்கக்கூடாது என்று 1661இல் சிங் அரசு கடலோர மக்கள் எல்லோரையும் 30, 50 லீ தொலைவுக்கு, அதாவது சுமார் 15 முதல் 25 கிலோமீட்டர் உள்ளே துரத்தியது. வீடுகளை இடித்தார்கள், எல்லை தாண்டியவர்களைக் கொன்றார்கள். குவாங்தோங் ஆளுநர் வாங் லாய்ரென் சாகும் தறுவாயில் எழுதிய மனுவிலும் இந்த ஆணையை நீக்கும்படி கெஞ்சியிருக்கிறார். 1669இல் அங்கே தடை தளர்ந்தபோது திரும்பிவந்தவர்கள் குறைவு, நிலம் தரிசாகக் கிடந்தது. ஆள் தேடிய அதிகாரிகள் மலைவாசிகளுக்கு அழைப்பு விடுத்தார்கள். இன்றைய ஹாங்காங், ஷென்சென் பகுதிகளுக்கு ஹக்காக்கள் பெருவாரியாக வந்தது இந்த அழைப்பின் பேரில்தான். ஹாங்காங்கின் காம் தின் கிராமத்தில் வாங் லாய்ரென்னுக்கும் அவரோடு முறையிட்ட ட்சோ யூதேக்கும் 1685இல் எழுப்பிய நினைவு மண்டபம் இன்றும் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் திரும்பிவந்த உள்ளூர்க் குலத்தார். ஒரே ஆணையின் நீக்கம் அவர்களுக்கு வீடு திரும்புதலாகவும் ஹக்காக்களுக்குப் புதுக் குடியேற்றமாகவும் அமைந்தது. 1855இன் விதை அதிலேயே விழுந்துவிட்டது.

சிங் அரசை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சியும் இதே நிலத்தில் முளைத்ததுதான். 1814இல் குவாங்சோவுக்கு வடக்கே ஹுவா மாவட்டத்தில் பிறந்த அதன் தலைவர் ஹோங் ஷியூசுவானின் குடும்பம் ஜியாயிங் (இன்றைய மெய்சோ) பக்கத்திலிருந்து வந்த ஹக்கா குடும்பம். 1850இல் குவாங்ஷியில் உள்ளூராரோடு நடந்த சண்டையில் வீடிழந்த ஹக்காக்கள் அவருடைய கூட்டத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். 1851 ஜனவரியில் ஜின்தியனில் கொடி ஏறியது. கால்கட்டு வழக்கம் இல்லாத ஹக்கா பெண்கள் அந்தப் படையில் அணிவகுத்தார்கள். 1864இல் கிளர்ச்சியின் தலைநகரான நான்ஜிங் வீழ்ந்தபிறகு குவாங்தோங்கில் ஹக்கா என்று சொல்லிக்கொள்வதே ஆபத்தானது.

கடலுக்கு அப்பால் ஒரு சோதனை

ஹக்கா என்ற ஒற்றுமை ஆயிரம் ஆண்டுப் பழையது என்றால், ஊரைவிட்டுப் போன இடத்தில் அது முதலில் வெளிப்பட வேண்டும். மலாயாவில் நடந்தது நேர் எதிர். 1861இல் பேராக்கின் லாரூட் ஈயச் சுரங்கங்களில் வெடித்த முதல் சண்டையில் ஹாய் சான் என்ற இரகசியச் சங்கத்தின் பக்கம் நின்றவர்கள் செங்செங் ஹக்காக்கள், அதன் எதிர்ச் சங்கமான கீ ஹின் பக்கம் ஹுய்சோ ஹக்காக்கள். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் கோலாலம்பூரைக் காத்த காப்பித்தான் (சீனர் தலைவர்) யாப் ஆ லோய் 1837இல் ஹுய்சோவில் பிறந்த ஹக்கா. அவரை எதிர்த்தவர்கள் ஜியாயிங் ஹக்காக்கள். 1872இல் ஊர் அழிந்தது, மீட்டுக் கட்டினார், 1885இல் இறந்தார். இன்று மலேசியத் தமிழர்கள் நடமாடும் அந்த நகரத்தின் தொடக்கத்தில், ஒரே மொழி பேசிய இரு ஹக்கா கூட்டங்கள் மாவட்டத்தின் பெயரால் வெட்டிக்கொண்டன. 1860களில் மாவட்டமே அடையாளம். சிங்கப்பூரில் எல்லா ஹக்காக்களுக்கும் பொதுவான பெரிய சங்கம் 1929இல்தான் வருகிறது. முன்னின்றவர் டைகர் பாம் தைலத்தால் செல்வரான ஆவ் பூன் ஹாவ். லுவோவின் நூலுக்கு நான்கு ஆண்டு முன்பு. சங்கமும் வரலாறும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

மலையின் தொழில் மட்டும் எங்கும் கூடவே போனது. மேற்கு போர்னியோவின் தங்கச் சுரங்கங்களில் மெய்ஷியான்காரர் லுவோ ஃபாங்போ 1777இல் நிறுவிய லான்ஃபாங் கூட்டமைப்பு 1884இல் டச்சுக்காரர் கலைக்கும்வரை தன் தலைவர்களைத் தானே தேர்ந்தெடுத்தது. ஹாங்காங்கில் கல்லுடைப்பவர்கள் ஹக்காக்கள். கல்கத்தாவின் டாங்ராவில் அவர்கள் பிடித்தது தோல் பதனிடும் தொழில்; சாதி இந்துக்கள் தொடத் தயங்கிய வேலை என்பதால் அங்கே போட்டி குறைவு. 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் சுமார் மூவாயிரம் பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பிள்ளைகளும் முதியவர்களும் அதில் இருந்தார்கள். பலர் விடுதலையாகி வந்தபோது தொழிலோ வீடோ மிஞ்சவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் கூடங்களை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டபின் டாங்ராவின் பெரும்பகுதி உணவகங்களாகிவிட்டது, குடும்பங்கள் பல டொராண்டோவுக்குப் போய்விட்டன. நம் ஊர்க் கையேந்திபவன் வரை வந்த ஹக்கா நூடுல்ஸ் இந்தக் கல்கத்தாக்காரர்கள் கொடுத்தது. அவர்கள் பட்ட பாடு நம் பாடநூல்களில் ஏற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி எங்கே தேடுவது

லுவோவின் கதைக்கு இன்றும் வலு குறையவில்லை. நிங்ஹுவாவின் ஷிபியில் 1990களில் பொது மூதாதையர் கோயில் எழும்பி, வெளிநாட்டு ஹக்காக்கள் ஆண்டுதோறும் வந்து வணங்குகிறார்கள். தைவானில் ஹக்கா உரிமை வேறு வழியில் போனது. 1988 டிசம்பரில் தாய்மொழியைத் திருப்பிக் கொடு என்று தைப்பேயில் ஊர்வலம் போனவர்கள் 2001இல் அரசில் தனி ஹக்கா ஆணையத்தையும், 2003இல் தனித் தொலைக்காட்சியையும் பெற்றார்கள். அவர்கள் கேட்டது வீட்டில் பேசும் மொழிக்கு. மூதாதை ஹெனானில் பிறந்தாரா என்பதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த வழிதான் எனக்கு உறுதியானதாகத் தெரிகிறது.

ஆய்வாளர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் பெண்களின் கல்லறைகள். ஹக்கா பெண் ஏழையாக இறந்தாலும் அவள் கல்லில் ‘ரூரென்’ என்று பொறிப்பார்கள். பேரரசில் ஏழாம் நிலை அதிகாரியின் மனைவிக்குரிய பட்டம் அது. தப்பியோடிய கடைசி சோங் அரசனைக் காத்ததற்காக ஹக்கா பெண்களுக்கு அவன் அளித்த வரம் என்று கதை சொல்வார்கள். வடக்கோடு முடிச்சுப் போட இன்னொரு கதை அது. அந்தக் கல்லிலும் வம்சாவளி ஏட்டிலும் அவளுக்கு இருப்பது பிறந்த குலப்பெயர் மட்டும். எந்தக் கிராமம், எந்த மக்கள் என்று இருக்காது. ஷே மக்களிடம் பான், லான், லெய், ஜோங் என்ற நான்கு குலப்பெயர்கள்தான் பெரும்பாலும் வழங்குகின்றன. ஹக்கா ஏடுகளில் எண்–லாங் பெயர் தாங்கிய தலைமுறைகளுக்கு மனைவியாக வந்தவர்களில் லான், லெய் குலத்தார் எத்தனை பேர் என்று மாவட்டம் மாவட்டமாக எண்ணி, அதை வாங் யாங்மிங் காலக் குடிப்பதிவோடும் தாய்வழி மரபணு முடிவுகளோடும் வைத்துப் பார்க்க வேண்டும். ஏடுகள் மெய்சோவிலும் ஹாங்காங்கிலும் தைவானிலும் நூலகங்களில் இருக்கின்றன. ஆண்களின் வழியை மட்டுமே தொடர்ந்து வரைந்த வரைபடத்தில் விடுபட்ட பாதி அங்கிருந்துதான் கிடைக்க வேண்டும்.